முட்டு வலிக்காரரும் நானும்

தங்கையின் கல்யாண ரிசப்ஷனில் ஜோடி டான்ஸ் வைக்க வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் முடிவு செய்தார்கள். அதற்கென்று போனில் ஒரு குரூப். எங்கள் பக்கத்துப் பெண்களின் படங்களை யாரோ அதில் வரிசையாகப் போட, மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ‘புக்டு’ என்று எழுதினார்கள். எங்கள் கடற்கரை ஏலத்தில் சாளை மீனுக்குக்கூட இதைவிட மரியாதை உண்டு.

என் படத்தை இரண்டு நாளாக ஒருவரும் தொடவில்லை. எனக்கு முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, கொஞ்சம் தடி. மூன்றாம் நாள், மாப்பிள்ளையின் கூட்டாளிகளில் துபாயில் இருக்கும் ஒருவர் மிச்சம் விழுந்தார். அவரை எனக்கு ஜோடியாகப் போட்டார்கள். அவரும் சரி என்று கட்டைவிரல் படம் அனுப்பினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. டான்ஸ் மாஸ்டர் அனுப்பிய வீடியோவைப் பார்த்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஜோடியாக வைத்து, அதைச் சுற்றிச் சுற்றிப் பத்து நாள் ஆடிப் பழகினேன்.

கோட்டாறு மண்டபத்தில் ஆளை நேரில் பார்த்தேன். நாற்பத்தைந்தாவது இருக்கும். என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. எனக்கு முட்டு வலி. ஆட முடியாது, கேட்டியளா?”

அக்காவாம்! வழுக்கையில் லைட் வெளிச்சம் பளபளக்கிறது, நான் அவருக்கு அக்கா! சரி, வலி யாருக்கும் வரும் என்று ஓரமாகப் போய் உட்கார்ந்தேன்.

பாட்டுப் போட்டார்கள். அதே ஆள், தங்கையோடு படித்த ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் மடக்கி மடக்கிக் குதிக்கிறார். அவள் கையை உருவப் பார்க்கிறாள், விடமாட்டேன் என்கிறார். சீ! வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. ஒருத்தியிடம் வலி என்று சொன்னவன், அந்தப் பாட்டு முடியும்வரையாவது உட்கார்ந்திருக்க வேண்டாமா?

உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கினேன். நேராகப் போய், ஆடுகிறவர்களுக்கு நடுவே, அவர் முன்னால் போட்டேன்.

“அண்ணே, முட்டு வலின்னு சொன்னியளே. இரிங்க.”

“இல்லக்கா, இப்பம் கொஞ்சம் பரவாயில்ல…”

“வலியோட ஆடப்பிடாது. இரியும்னு சொல்லுகேன்!”

சுற்றி நின்றவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். அவர் உட்கார்ந்தார். அந்தப் பெண் விட்டால் போதும் என்று ஓடிவிட்டாள். மேடையிலிருந்து தங்கை கத்தினாள்: “எக்கா, மானத்த வாங்காத!”

போகட்டும். பாட்டு இன்னும் பாதி இருந்தது. நான் ஆடினேன். ஒரு அடிகூடத் தப்பவில்லை. நாற்காலியைச் சுற்றித்தானே பழகியிருந்தேன். அதில் ஒருத்தன் உட்கார்ந்திருந்தது எனக்கு ஒரு இடைஞ்சலாகவே இல்லை.