உத்திரமேரூர்க் குடத்தில் நான் போட்ட சீட்டு

பதினான்கு மாதமாக இந்தப் பயண வலைப்பூ தூங்கிக்கொண்டிருந்தது. காரணம், பக்கவாதத்தில் படுத்த என் அம்மா. அண்ணன் வெளிநாட்டில்; அவன் பாசமெல்லாம் வீடியோ காலோடு சரி. இனி எங்கே பயணம் என்று விடைபெறும் பதிவு ஒன்றைக்கூட எழுதி வைத்துவிட்டேன். அப்போதுதான் உத்திரமேரூரில் நாள் முழுக்கப் பேச்சரங்கம், அனுமதி இலவசம் என்று தோழி சொன்னாள். மாலை ஆறு மணி வரை ஒரு நர்ஸை ஏற்பாடு செய்துவிட்டு, நேற்று, சனிக்கிழமை, கிளம்பினேன்.

தாம்பரத்தில் காலை 6.40 மின்சார ரயில். செங்கல்பட்டில் 7.50க்குப் பேருந்து, சுமார் முப்பது கிலோமீட்டர், இருபத்தெட்டு ரூபாய். ஏரியும் நெல் வயலுமாக நல்ல வழி. நான் எங்கே பார்த்தேன்? நர்ஸுக்கு போன் மேல் போன். "இன்னாம்மா, ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள சார்ஜ் பூடும்போல கீதே!" என்று நடத்துநர் சிரித்தார்.

பேருந்து நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் கல்யாண மண்டபம். முதலில் பேசிய கோட்டு சூட்டுக்காரர், சொகுசை விட்டு வெளியே வாருங்கள் என்று முக்கால் மணி நேரம் முழங்கினார். எங்கள் வீட்டில் அந்தச் சரக்கே கிடையாது ஐயா! வந்தது வீண் என்று எரிச்சலாக இருந்தது.

மதியம் புளிசாதம் தின்ற பிறகுதான் விஷயமே. குடவோலை ஊரல்லவா? மேடையில் ஒரு மண்குடம் வைத்தார்கள். பெயர் போடாமல் அவரவர் சிக்கலை எழுதிப் போட வேண்டும். எடுக்கும் சீட்டுக்கு, வழி தெரிந்தவர் எழுந்து சொல்ல வேண்டும். "அம்மா படுக்கையில். வெளியே போனால் குற்ற உணர்ச்சி, போகாவிட்டால் பைத்தியம் பிடிக்கிறது" என்று எழுதிப் போட்டேன். மூன்றாவதாக அதுதான் வந்தது.

சாலவாக்கத்தில் நடவு வேலைக்குப் போகும் செல்வி என்பவர் எழுந்தார். "எங்க மாமியாவும் படுக்கதான். எங்க தெருவுல மூணு வூட்ல அப்டி கீது. நடவு வந்தா மூணு பேரையும் ஒரே வூட்ல படுக்க வெச்சிக்கினு, ஆளுக்கு ஒரு நாள் பாத்துக்குவோம். மொதல்ல கேக்கத்தான் பேஜாரா கீது. கேட்டுப் பாத்தா, அவங்களும் அதே பேஜார்லதான் கீறாங்க."

நான் கையைத் தூக்கி, எழுதியது நான்தான் என்றேன். செல்வி திரும்பிப் பார்த்தார். "உங்க தெருவுல வேற யாருமே இல்லியாம்மா?"

இருக்கிறார்களே! எங்கள் கீழ் வீட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஃபாத்திமா அக்காவின் கணவர் இரண்டு வருடமாகப் படுக்கையில். நானோ தினம் "எப்படி இருக்கார்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் படியேறிவிடுவேன். வெட்கமாக இருந்தது. ஆனால் மனசிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது நிஜம்.

போக நினைப்பவர்களுக்கு: தண்ணீர் பாட்டில் அவசியம். குடவோலைக் கல்வெட்டு இருக்கும் கோயில் பக்கத்தில்தான். காலையிலேயே பார்த்துவிடுங்கள், நான் கோட்டைவிட்டேன். 3.20 பேருந்தைப் பிடித்தால் ஆறுக்குள் தாம்பரம்.

5.50க்கு நேராக அக்கா கடையில் நின்றேன். "அக்கா, நாளைக்கு அவரை நான் பாத்துக்கறேன். நீங்க எங்கயாவது போய்ட்டு வாங்க. இன்னொரு நாள் எங்கம்மாவைப் பாத்துக்குங்க."

சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தவர் கை அப்படியே நின்றது. "இத உன்னாண்ட எப்டிக் கேக்கறதுன்னு நெனச்சிக்கினே கீறேன்டி. தங்கச்சி கல்யாணத்துக்குக்கூட நான் போவல."

இன்று ஞாயிறு. விடைபெறும் பதிவை அழித்துவிட்டு, அக்கா வீட்டுக் கட்டிலுக்கும், அதன் பக்கத்தில் கொண்டுவந்து போட்ட அம்மா கட்டிலுக்கும் நடுவே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அக்கா தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். இதோ, ஏழாவது முறையாக போன் அடிக்கிறார்.