நெஞ்சில் கேட்ட வயிற்றுச் சத்தம்

அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர் ஒருவர் இருக்கிறார். நான் குதிரைகளுக்கு அறுவை செய்கிற டாக்டர் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய வெள்ளைப் பெட்டைக் குதிரை குட்டி போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தபோது, ஒரு சாயங்காலம் என்னை வழியிலேயே மடக்கினார்.

"வவுத்து வலில படுத்துப் படுத்து எழுந்துக்குது. ஆனா கொடகொடன்னு சத்தம் நெஞ்சாண்ட கேக்குது, டாக்டரம்மா."

"நெஞ்சுல எங்கண்ணே கொடகொடன்னு கேக்கும்? அது வயிறு. நான் டாக்டரா, நீங்க டாக்டரா?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் என்னைக் கொட்டிலுக்குக் கூட்டிப்போனார். ஸ்டெதஸ்கோப் குழாயை வயிற்றில் மட்டும் வைத்துக் கேட்டேன். வாயுதான் என்று வலி ஊசி போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் மறுபடி கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் பெட்டை நாசி விரிய மூச்சு வாங்குகிறது, ஈறு வெளுத்திருக்கிறது. குட்டி மடியை முட்டி முட்டிப் பார்க்கிறது. இந்த முறை குழாயை நெஞ்சில் வைத்தேன். ஐயோ! நுரையீரல் இருக்க வேண்டிய இடத்தில் குடல் கொடகொடத்தது. ஸ்கேனிலும் அதுவே தெரிந்தது. குட்டி போட முக்கிய முக்கில், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் அன்றே கிழிந்து, இப்போது குடல் நெஞ்சுக்குள் ஏறியிருக்க வேண்டும்.

"நேத்தே நீங்க சொன்னீங்க. நான்தான் கேக்கல. மன்னிச்சிடுங்க அண்ணே."

"அத்த வுடு. இத்த காப்பாத்து."

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாயையும் குட்டியையும் லாரியில் ஏற்றினோம். பாடி மேம்பால நெரிசலில் லாரி ஊர்ந்தபோது எனக்கு உயிரே போய்விட்டது.

பெட்டைக்கு மயக்கம் கொடுத்து, மேஜையில் மல்லாத்தி வயிற்றைத் திறந்ததும் அதன் மூச்சு தடுமாறியது. அதன்பின் மெஷின்தான் மூச்சு விட்டது. கிழிசல் வழியே கையை விட்டு, குடலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்தேன். கருநீலமாக வந்தது. வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டுக் காத்திருந்தோம். மெல்ல சிவப்பு ஏறியது. அப்பாடா! குடலை வெட்ட வேண்டியதில்லை. கிழிசல் கை முழுக்க உள்ளே போகும் ஆழத்தில் இருந்தது. உதரவிதானம் அசையாதிருக்க மயக்க மருந்து டாக்டர் சில நொடி மெஷினை நிறுத்துவார், நான் ஒரு தையல் போடுவேன். மறுபடி மூச்சு, மறுபடி தையல்.

குதிரைக்கு அறுவையைவிட அதற்குப் பிறகு எழுந்து நிற்பதுதான் கண்டம். மயக்கம் தெளியாமல் எழுந்து விழுந்தால் காலும் போகும், தையலும் போகும். மெத்தை அடித்த அறையின் சின்னக் கண்ணாடி வழியே நானும் அவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு முறை எழுந்து சரிந்தது. அவர் என் தோளை இறுகப் பிடித்தார். இரண்டாவது முறை முன்காலை ஊன்றி, நடுங்கி, தள்ளாடி, நான்கு காலிலும் நின்றது.

"இன்னாமா நீ, இன்னாத்துக்கு அழுவுற?" என்றார் அவர், தன் துண்டை என்னிடம் நீட்டி. "நின்னுகினு கீது, பாரு."