மண்ணூர்பேட்டையிலிருந்து காட்டுப்பாக்கம்: நான் வெளியே நிற்க மறுத்த அறை

பெருமதிப்பிற்குரிய வாசகர்களுக்குப் பணிவான வணக்கம். சென்ற மாதமே எழுதியிருக்க வேண்டிய கட்டுரை இது. தாமதத்தைப் பொறுத்தருள்க.

என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் இயக்குபவர். எட்டு மாதமாக அவரது வலது தொடை இடுக்கில் ஒரு வீக்கம். பாரம் தூக்கியதால் வந்த ஹெர்னியா, அதாவது குடலிறக்கம் என்று பக்கத்துப் பாடி பகுதியில் ஒரு மருத்துவர் பெல்ட் கொடுத்து, அறுவைக்கு நாளும் குறித்துவிட்டார். "லேடீஸ் வெளிய நில்லும்மா" என்றார்கள், நின்றேன். படுத்தால் உள்ளே போகிறதா என்ற கேள்விக்கு இவர் கூச்சத்தில் ஆமென்று தலையாட்டிவிட்டு வந்தார். போவதில்லை என்பதை வீட்டில் கண்டவள் நான். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவள்தான். ஆயினும் உடல்நலப் பக்கங்களை விடாமல் படிக்கும் என் வாசிப்பு அந்த முடிவை ஏற்க இடங்கொடுக்கவில்லை; ஹெர்னியா பெரும்பாலும் படுத்தால் உள்வாங்கும்.

செவ்வாய் காலை 8.10க்கு ஆட்டோ ஏறினோம். வானகரம் வழி, 14 கி.மீ., 50 நிமிடம், ரூ.350.

"இன்னா அண்ணாத்தே, ஒரு பக்கமா குந்திகினு வர்றே? மூலமா?" என்றார் ஓட்டுநர்.

"ஹெர்னியாப்பா."

"ஹெர்னியா இல்லை, கட்டி" என்றேன்.

"அக்கா பட்டுனு போட்டு ஒடச்சிட்டாங்கோ. நீ இன்னா நைனா, வெக்கப்பட்டுகினு கீறே?"

"நீ ரோட்டப் பாரு" என்றார் இவர்.

காட்டுப்பாக்கம் மருத்துவமனையிலும் உதவியாளர் கதவைக் காட்டினார். "நான் இவர் மனைவி. நிற்க மாட்டேன்" என்றேன். இவர் சுவரைப் பார்த்தபடி படுத்தார். வீக்கம் அப்படியே இருந்தது.

"எட்டு மாசமா இப்படியேதான், டாக்டர்" என்றேன்.

"ஹெர்னியான்னு திறந்திருந்தா, கட்டியத் துண்டு துண்டா எடுத்திருப்பாங்கம்மா" என்று மருத்துவர் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு எழுதினார். பிறகு ஊசியால் திசு எடுத்தார்கள். பத்தாம் நாள் முடிவு வந்தது: விந்துக்குழாயைச் சூழ்ந்த கொழுப்பில் எழுந்த லைப்போசார்கோமா. அரிய புற்று; பரவவில்லை. கட்டியை உடைக்காமல், அந்தப் பக்கத்து விரையோடு சேர்த்து ஒரே துண்டாக எடுக்க வேண்டும்.

"இதப் போயி ஊர் பூரா எழுதுவியா அண்ணி?" என்கிறாள் நாத்தனார். எழுதுவேன். மூடி வைத்தே எட்டு மாதம் போயிற்று.

செல்வோர் கவனத்திற்கு: படுத்தாலும் உள்வாங்காத வீக்கமென்றால், கத்திக்கு முன் ஸ்கேன் கேளுங்கள். கதவுக்கு வெளியே நிற்காதீர்கள்.

அறுவை அடுத்த வியாழன். இவர் இன்னும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடவில்லை. "ஒண்ணு இல்லாம நான் இன்னா ஆம்பள? ஒனக்கு இன்னா தெரியும்?" என்கிறார். இந்த ஒன்றை மட்டும் நான் படித்துச் சொல்ல இயலாது. இதே அறுவையைக் கடந்து வாழும் ஆண் எவரேனும் இவரோடு தொலைபேசியில் பேசச் சம்மதித்தால், புதன்கிழமைக்குள் பதில் எழுதுங்கள்.