கண்ணாடியில் ஒட்டிய காகிதம்

அந்தச் செப்டம்பரில் வெண்டல் க்ரூகர் தன் கார் ஷோரூமின் கண்ணாடிகளில் பழுப்புக் காகிதம் ஒட்டினார். வயது எண்பத்திரண்டு. விற்க ஒரு வண்டிகூட இல்லை.

எங்கள் காப்பிக்கடை அவர் ஷோரூமுக்கு நேர் எதிரே. காலை வேளை. முட்டை தின்றுகொண்டிருந்தவர்கள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அவர் உள்ளேயிருந்து, கீழிருந்து மேலாக ஒட்டிக்கொண்டு போனார். முதலில் கால்கள் மறைந்தன. பிறகு இடுப்பு. ஏணிமேல் நின்ற முகம் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

"கெழவனுக்குப் பித்துப் பிடிச்சிருச்சு" என்றார் மெர்ல் ஹோப்ஸ்.

யாரும் சிரிக்கவில்லை. காகிதம் ஒட்டினால் புது வண்டி வருகிறது என்று அர்த்தம். ஆனால் அவர் விற்றுவந்த ஹெரன் வண்டி செய்வதைக் கம்பெனி அந்த வசந்தத்தில்தான் நிறுத்தியிருந்தது. செய்தியை இதே கடையில், இதே டிவியில், வெண்டல் உட்பட எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். அறிவிப்பவள் அதைச் சொல்லிவிட்டு வானிலைக்குப் போய்விட்டாள். வெண்டல் தன் தட்டிலிருந்த ஆப்பிள் பணியாரத்தை மிச்சம் வைக்காமல் தின்று முடித்துவிட்டு எழுந்து போனார்.

கிரேன் கொண்டுவந்து பெயர்ப்பலகையை இறக்கினார்கள். ஹெரன் என்றால் கொக்கு. அதன் உச்சியில் கழுத்தை நீட்டிப் பறந்த இரும்புக் கொக்கு பல வருஷ வெயிலிலிருந்து காத்த இடம் மட்டும் சுவரில் பளிச்சென்று இருந்தது. நல்ல மழையில் அந்த வடிவம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

வெண்டலின் அப்பா குதிரைச் சேணம் விற்றவர், பிறகு டிராக்டர் விற்றவர். வெண்டல் பசிபிக் போரிலிருந்து திரும்பியதும் ஹெரன் ஏஜென்சி எடுத்தார். ஒஹையோவின் இந்த மூலையில், சோளக் காட்டுக்கு நடுவே இருக்கும் ஊரில், அது பெரிய காரியம். அந்தக் கம்பெனி மூன்று விதமாக வண்டி செய்தது. மலிவானது பண்ணைக் கூலிக்கும் புதிதாகக் கல்யாணம் ஆனவனுக்கும். உசத்தியானது பாங்க் மானேஜருக்கும் டாக்டருக்கும். நடுவில் ஹெரன். மருந்துக்கடைக்காரர், ஸ்கூல் ஹெட்மாஸ்டர், டொலீடோ தொழிற்சாலையில் ஃபோர்மேன் ஆனவன், இவர்கள் வாங்குவது. ஒருவன் ஹெரன் வாங்கிவிட்டால் அவன் மாமனார் அவனிடம் பேசும் தோரணையே மாறிவிடும். மெர்லுக்கு அப்படித்தான் மாறியது. ஃபோர்மேன் ஆன வாரமே வந்து பச்சை நிற ஹெரன் ஒன்றை எடுத்துப் போனார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் முன் ஊரில் பாதிப் பேர் பானெட் முனையிலிருக்கும் கொக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

அப்போதெல்லாம் புது வருஷத்து வண்டியை யாரும் முன்கூட்டிப் பார்க்கக் கூடாது. லாரியில் தார்பாய் மூடி வரும். பின்வாசல் வழியாக இறக்குவார்கள். அதற்கு முன்பே கண்ணாடி முழுக்கக் காகிதம் ஒட்டியிருக்கும். குறித்த சாயங்காலம் ஊரே தெருவில் கூடும். ஆப்பிள் சாறும் டோனட்டும் நடைபாதையில் மேசை போட்டு வைத்திருப்பார்கள். வெண்டல் உள்ளே நிற்பார். அவர் மனைவி ஐடெல்லா வெளியே, கூட்டத்தோடு.

எப்போது கிழிப்பது என்று முடிவு செய்வது ஐடெல்லாதான். கூட்டம் முணுமுணுத்தால் போதாது. எவனாவது சத்தமாகக் கிண்டல் செய்ய வேண்டும். அதுதான் பதம் என்பாள். அந்தக் கிண்டலுக்கு எழும் சிரிப்பு அடங்கும் முன் கண்ணாடியில் கல்யாண மோதிரத்தால் இரண்டு தடவை தட்டுவாள். டக், டக். உள்ளே வெண்டல் காகிதத்தை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் கிழிப்பார். வெளிச்சத்தில் வண்டி நிற்கும். ஆண்கள் தொப்பியைக் கழற்றுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"உள்ள நின்னா எப்படி இருக்கும் தெரியுமா" என்று வெண்டல் ஒருமுறை சொன்னார். "தெரு விளக்கு வெளிச்சத்துல உங்க நிழல்லாம் காகிதத்துல விழும். யார் யாருன்னு சொல்லிடுவேன். மெர்ல் காது தனியாத் தெரியும்."

"ஐடெல்லா நிழல்?" என்றேன்.

"அவ கிட்டக்க வரவர நிழல் சின்னதாகும். கரெக்டா அவ சைஸுக்கு வந்ததும் தட்டுவா."

பிறகு சரிவு. கம்பெனிக்காரர்கள் செலவைக் குறைக்க, மலிவு வண்டியின் உடம்பையே எடுத்து அதன் மேல் ஹெரன் கொக்கை வைத்து அனுப்பினார்கள். ஊர்க்காரர்களுக்குக் கண் இருக்கிறது. "கதவுக் கைப்பிடிகூட என் வேலைக்காரன் வண்டியில இருக்கறதுதான்" என்று ஹெட்மாஸ்டர் சாவியைத் திருப்பித் தந்துவிட்டார். கொக்கும் இளைத்தது. முதலில் இரும்பு, பிறகு பிளாஸ்டிக், கடைசியில் ஒட்டிய படம். டொலீடோ தொழிற்சாலையை மூடினார்கள். மெர்ல் வேலை இழந்தார். பிள்ளைகள் ஜப்பான் வண்டி வாங்கினார்கள். வாங்கியவர்கள் அப்பா வீட்டுக்கு வரும்போது அதைச் சர்ச்சுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள். இன்றும் அப்படித்தான்.

மற்ற ஊர்களில் காகிதம் ஒட்டும் வழக்கம் எப்போதோ போய்விட்டது. இங்கே எண்பத்துநாலாம் வருஷம் வரை இருந்தது. அந்த வருஷம் கூட்டம் குறைவு, ஆனாலும் கூட்டம்தான். இருட்டத் தொடங்கியது. முணுமுணுப்பு வந்தது. கிண்டலும் வந்தது. தட்டும் சத்தம் வரவில்லை. ஐடெல்லாவைத் தேடினோம். அவள் கூட்டத்தில் இல்லை. மதியமே வீட்டுச் சமையலறையில் விழுந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி சாயங்காலம் டோனட் வாங்கிப்போக வந்து பார்த்தபோது, காகிதம் ஒட்ட அவள் காய்ச்சும் மாவுப் பசைப் பாத்திரம் கையருகே இருந்ததாம்.

உள்ளே வெண்டலுக்கு எதுவும் தெரியாது. அவள் பதம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, காகிதத்தைப் பிடித்தபடி நின்றிருந்தார். மெர்ல்தான் பின்வாசல் வழியாகப் போய்ச் சொன்னார். நாங்கள் கலைந்தோம். அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து வெண்டல் தண்ணீர் தெளித்து, தகட்டால் சுரண்டி, காகிதத்தை எடுத்தார். வண்டி உள்ளே நின்றது. யாரும் தொப்பியைக் கழற்றவில்லை. அதற்குப் பிறகு அவர் ஒட்டியதே இல்லை, இந்தச் செப்டம்பர் வரை.

கட்டடத்தை எல்லாச் சாமானும் மலிவாக விற்கும் கடைக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். வெண்டலின் மகள் கார்லா பேசி முடித்தது. வெள்ளிக்கிழமை சாவி கொடுக்க வேண்டும். எல்லாம் தெரிந்தும் ஊர் வேறொன்றை நம்பியது. காகிதம் இருந்தால் உள்ளே வண்டி இருக்கும். ஹெரன் இல்லையென்றால் வேறு எது? ஞாயிறு பிரார்த்தனை முடிவதற்குள் பதில் தயாராகிவிட்டது. வெண்டல் ஜப்பான் ஏஜென்சி எடுத்துவிட்டார். வேறு வண்டி விற்க மாட்டேன் என்று ஐடெல்லாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்ன மனிதர்.

மெர்ல் பின்வாசலில் போய்த் தட்டினார். கதவு ஒரு விரல் அளவு திறந்தது.

"யோவ், உள்ள என்னய்யா வச்சிருக்க?"

"வியாழக்கிழமை சாயங்காலம் வா."

"ஜப்பான் வண்டியா?"

"வந்து பாரு."

"என் வேலைய முழுங்கினவன் வண்டிய நான் வந்து பாக்கணுமா?"

"நீ வராட்டி கிண்டல் பண்ண ஆள் ஏது?" என்று சொல்லி வெண்டல் கதவைச் சாத்திக்கொண்டார்.

மெர்ல் அதைக் கடையில் வந்து சொன்னபோது முகம் சிவந்திருந்தது. கோபத்தில் அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் யோசிக்கவில்லை. நாங்களும் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் கார்லா கொலம்பஸிலிருந்து வந்தாள். ஐம்பது வயது, பல் ஆஸ்பத்திரியில் வேலை, வளவளவென்று பேச மாட்டாள். நேரே எங்கள் கடைக்கு வந்து காப்பி கேட்டாள்.

"வண்டிய எங்கம்மா ஒளிச்சு வச்சிருக்க?" என்றார் மெர்ல்.

"சர்ச்சுக்குப் பின்னாடிதான். வேற எங்க வைக்க விடுவீங்க?"

"இனிமே ஒளிக்க வேணாம். உங்கப்பாவே விக்கப் போறாராமே."

கார்லா கோப்பையை வைத்தாள். "அங்கிள், நாளைக்கு அந்த எடத்துல ஷாம்பு விக்கப் போறாங்க. அப்பாகிட்ட விக்க ஒண்ணும் இல்ல. சாவிய வாங்கிட்டுப் போகத்தான் நான் வந்தேன். கதவத் திறக்க மாட்டேங்கறார்."

"அப்ப உள்ள என்ன இருக்கு?"

"எனக்கு என்ன தெரியும்? சாயங்காலம் வா, தெருப்பக்கம் நில்லுங்கறார்."

அவள் விரலில் ஐடெல்லாவின் மோதிரம் இருந்தது. கொஞ்சம் தளர்வு. கட்டைவிரலால் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் மெர்ல் தன் பச்சை ஹெரனைத் துடைத்து, கொக்குக்குப் பாலிஷ் போட்டு, ஷோரூம் வாசலிலேயே நிறுத்தினார். எதிரிக்குக் காட்டுவதுபோல. இன்னும் சிலர் தங்கள் ஹெரன்களில் வந்தார்கள். துரோகத்தைப் பார்க்க வந்த கூட்டம். யாரும் டோனட் வைக்கவில்லை, ஆகவே நான் கடையிலிருந்து ஒரு தட்டு கொண்டுபோய் வைத்தேன்.

உள்ளே விளக்கு எரிந்தது. காகிதத்தில் ஒரே ஒரு நிழல். கை உயர்ந்து, ஓரத்தைப் பிடித்தபடி நின்றது.

மெர்ல் குரல் கொடுத்தார். "டேய் வெண்டல், ஜப்பான்காரன் மாதிரி குனிஞ்சு கும்பிடு போடக் கத்துக்கிட்டியாடா?"

சிரித்தோம். சிரிப்பு அடங்கியது. நிழல் அசையவில்லை.

தட்டும் சத்தத்துக்காக அவர் காத்திருக்கிறார் என்று அப்போதுதான் வயதானவர்களுக்குப் புரிந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். மெர்ல் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். இருபது வருஷத்துக்கு முன் இதேபோல் இந்த மனிதர் உள்ளே நின்றிருந்தார், இதே கையை உயர்த்தி. இந்தத் தடவை யார் போய்ச் சொல்வது, என்னவென்று சொல்வது? தெரு விளக்கு போட்டுவிட்டார்கள். உள்ளே அந்தக் கை சற்றே தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது.

"அப்பாக்குக் கை வலிக்கும்" என்றாள் கார்லா, தனக்குத்தானே. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். கண்ணாடியை நெருங்க நெருங்கக் காகிதத்தில் அவள் நிழல் சுருங்கியது. கையை உயர்த்தினாள்.

டக், டக்.

காகிதம் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் கிழிந்தது.

உள்ளே ஒன்றும் இல்லை. தரையை மெழுகு போட்டுத் தேய்த்திருந்தார். மூன்று விளக்குகள் நடுவில் ஒரே இடத்தைக் காட்டின. அங்கே வெறும் தரை. ஒரு பக்கத்தில் வெண்டல், கோட்டும் டையும் போட்டு, காலடியில் காகிதத்தோடு, கதவைத் திறந்துவிட்டு நின்றார்.

"வாங்க" என்றார்.

போனோம். வேறென்ன செய்வது? வழக்கம்போல் வலப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தோம். கூட்டம் மெல்ல நகர்ந்தது. நடுவில் ஒரு வண்டி அளவுக்கு இடம் அப்படியே இருந்தது. ஒருவர் காலும் அதில் படவில்லை. ஒரு பெண் தன் குழந்தை உள்ளே ஓடப்போனபோது சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். ஏன் என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. விளக்குச் சூடு மெழுகில் பட்டு, புது வண்டி வாசனை மாதிரி ஏதோ வந்தது.

மெர்ல் பின்பக்கம் போய் நின்று, குனிந்து, நெடுநேரம் பார்த்தார்.

"டிக்கி சின்னதா இருக்கேப்பா" என்றார்.

"உன் பொண்டாட்டி மூட்டைய ஏத்தறதுக்குச் செஞ்ச வண்டி இல்ல இது."

மெர்ல் தலையாட்டினார். கண்ணைத் துடைக்கவில்லை, மூக்கைத்தான் துடைத்தார்.

ஒவ்வொருவராக வெளியே போனோம். கடைசியில் கார்லா வந்தாள். வெண்டல் எதிர்ச் சுவரோரம் நின்று சாவிக்கொத்தை நீட்டினார். அவள் அவரை நோக்கி நேராக நடந்தாள். விளக்கு வெளிச்சத்தின் விளிம்பு வந்ததும் நின்றாள். கீழே பார்த்தாள். பிறகு வலப்பக்கம் திரும்பிச் சுற்றிக்கொண்டு போனாள்.

சாவியை வாங்கும்போது அவள் சொன்னது வாசலில் நின்ற எனக்குக் கேட்டது.

"அப்பா, நான் ஒரு தடவைதான் தட்டினேன். மோதிரம் நழுவிடுச்சு."

"தெரியும்" என்றார் வெண்டல்.

அவள் மோதிரத்தை மறுபடி விரலில் ஏற்றிக்கொண்டாள். நான் கேட்டது இரண்டு. மெர்லும் இரண்டு என்றுதான் சொல்கிறார். கண்ணாடி பெரியது, எதிரொலி இருக்கும் என்று பிறகு கடையில் பேசிக்கொண்டோம்.

வெண்டல் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். நடுவில் இப்போது இருட்டு. கார்லா அவர் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்து வந்தாள். இருட்டிலும் அவர்கள் சுற்றித்தான் வந்தார்கள்.