எனக்கு ஒரு காப்பி

பத்து காப்பி கேட்டால் ஷீலா பதினொன்று எடுப்பாள். பத்தை எண்ணி நீட்டிவிட்டு, மிச்சம் ஒன்றை மேசைக்கு அடியில் இருக்கும் ஏலக்காய்ச் சாக்குக்குள் தள்ளுவாள். பட்டா, சாதிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை இவற்றுக்கெல்லாம் அந்த மரியாதை கிடையாது. குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிப்பவர்கள் கொண்டுவரும் தாளுக்கு மட்டும்தான்.

போடி பேருந்து நிலையத்துக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி நின்றால் கண்ணிலேயே படாத அகலத்தில் அவளுடைய ஜெராக்ஸ் கடை. வயது முப்பத்தொன்று. எந்த அகாடமி என்ன நோட்ஸ் போட்டிருக்கிறது, எந்த வாத்தியார் கணக்கைக் குறுக்குவழியில் சொல்கிறார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சிலமலையிலிருந்து வருகிற பிள்ளைகள் ஏதாவது கேட்டால் யோசிக்கவே மாட்டாள். "அது நம்மட்ட இருக்கு," என்பாள். இருக்கத்தான் செய்தது. மூன்று சாக்கு நிறைய இருந்தது.

அண்ணன் ஜோசுவா ஏலக்காய் வியாபாரி. அதே குரூப் ஃபோரை ஏற்கெனவே இரண்டு முறை எழுதித் தவறிய தங்கையிடம் அவன் சத்தம் போடவில்லை, சாந்தமாகவே சொல்லிவிட்டான். இந்தத் தடவையும் இல்லையென்றால் கடையை விட்டுவிட்டு, போடிமெட்டில் இருக்கும் தங்கள் ஏலக்காய் ஸ்டோரில் கணக்கு எழுத வந்துவிட வேண்டும். ஷீலாவுக்கு மலையும் பிடிக்கும், அண்ணனையும் பிடிக்கும். ஆனால் ஆயுசு முழுக்க அண்ணன் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருக்க மட்டும் அவளுக்கு மனசில்லை.

மாதிரித் தேர்வு வந்தது. இருநூறு கேள்விக்குத் தொண்ணூற்று நான்கு. அவளிடம் காப்பி எடுத்துப் படித்த பிள்ளைகளே அவளைத் தாண்டிப் போயிருந்தார்கள். மறுநாள் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, உள்ளே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் கேள்வித்தாளை எடுத்து, தப்பானவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்போதுதான் விபரீதம் புரிந்தது. ஒவ்வொரு பதிலும் எந்தச் சாக்கில் இருக்கிறது, யாருடைய கையெழுத்து, பக்கத்தின் எந்த மூலை, மை எங்கே தீற்றியிருந்தது என்பது வரைக்கும் கண் முன்னால் நின்றது. பதில் மட்டும் வரவில்லை. நூறு தடவை காப்பி எடுத்ததை நூறு தடவை படித்ததாக இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், பாவம்.

அன்று சாயங்காலமே மூன்று சாக்கும் மலைச்சாமியின் பஜ்ஜிக் கடைக்குப் போயின. அந்த வாரம் முழுக்க பேருந்து நிலையத்தில் ஜனங்கள் வாழைக்காய் பஜ்ஜியின் எண்ணெயை அடிப்படை உரிமைகளில் ஒற்றி எடுத்துத் தின்றார்கள். ஷீலா தனக்கென்று வைத்துக்கொண்டது பள்ளிப் பாடப்புத்தகங்களும் கொஞ்சம் பழைய கேள்வித்தாள்களும்தான்.

படிக்கும் விதமும் மாறியது. அதற்கு வழி காட்டியது அவளுடைய மிஷினே. கண்ணாடியில் தாளைக் கவிழ்த்துத்தானே வைக்க வேண்டும்? ஒரு பக்கத்தைப் படிப்பாள், கவிழ்ப்பாள், மூடியைச் சாத்துவாள், அதில் என்ன இருந்தது என்று வாய்விட்டுச் சொல்வாள். ஆரம்பத்தில் பாதிகூட வரவில்லை. அவமானமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை. ஆள் கிடைத்தால் ஆளையே பிடித்து வைத்துக்கொண்டாள். சிட்டா நகல் எடுக்க வந்த சிலமலை விவசாயி மொக்கையன் கையில் எட்டாம் வகுப்பு வரலாற்றைத் திணித்து, "நான் சொல்லச் சொல்ல பாத்துக்கிட்டே வாங்கண்ணே. தப்புன்னா நிப்பாட்டுங்க," என்றாள்.

"வெரசா விடு ஆத்தா, சோலி கெடக்கு," என்று முனகினார் அவர். ஆனால் நாலு இடத்தில் அவளை நிப்பாட்டிய ருசி அவரை விடவில்லை. அடுத்த வாரம் நகல் எடுக்க ஒன்றும் இல்லாமலேயே வந்து நின்றார்.

இரண்டாவது மாதிரித் தேர்வின் முடிவு போன வாரம் வந்தது. நூற்று ஐம்பத்தெட்டு. ஷீலா நம்பாமல் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தாள். அசல் தேர்வு இன்னும் பாக்கி இருக்கிறது, தெரியும். இருந்தாலும் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளுக்கு மூச்சு சீராக வந்தது. மத்தியானம் இன்னொரு கரண்டி சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் ஜோசுவா கடைக்கு வந்தான். மதிப்பெண் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தான். போடிமெட்டுப் பேச்சை எடுக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேசையில் கிடந்த புத்தகத்தைப் புரட்டி ஒரு கேள்வி கேட்டான். சொன்னாள். இன்னொன்று கேட்டான். அதையும் சொன்னாள். எப்படியும் மடக்கிவிட வேண்டும் என்று, பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒன்றைத் தேடிப் பிடித்துக் கேட்டான்.

ஷீலா கண்ணை மூடி யோசித்தாள். பிறகு திறந்தாள். முன்பென்றால், "அது நம்மட்ட இருக்கு," என்று சாக்கைக் காட்டியிருப்பாள்.

"தெரியலண்ணே," என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக. அவன் பதிலைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் புத்தகத்தை வாங்கி, அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள்.