ஊத்தை என்ற ஒரே சொல்

வவுனியாவிலிருந்து வரும் பஸ் ஓமந்தையைத் தாண்டியதும், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் மடிக்குழந்தையின் வாயைத் துடைக்க ஒரு பொதியைப் பிரித்தாள். சர்ரென்று ஒட்டுப் பிரியும் சத்தம். அதன் பின்னாலேயே அந்த மணம். அதை எலுமிச்சை என்றும் சொல்ல முடியாது, பூ என்றும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரித் தரையில் யாரோ பூமாலையைப் போட்டு மிதித்தால் வரக்கூடிய மணம். ஈர ரிஷ்யூ, பிள்ளைகளைத் துடைக்கிற ஈரத் தாள். வாயைப் பொத்தினேன். எழுந்து மிதிபலகைக்குப் போய்க் காற்றில் முகத்தை நீட்டினேன்.

"அண்ணை, இடம் இருக்கெல்லே, ஏன் எழும்பினனியள்?" என்றான் நடத்துநர்.

"சத்தி வருது தம்பி."

"அப்ப அங்காலை திரும்பி நில்லுங்கோ. புதுச் சேட்டு இது."

திரும்பி நின்றேன். சோழகக் காற்று வயல்வெளிகளின் புழுதியை அள்ளி வந்து முகத்தில் அடித்தது. அந்த மணம் மட்டும் மூக்கை விட்டுப் போகவில்லை. போன வருடத்து ஆவணி முழுவதும் என் வீட்டில் குடியிருந்த மணம் அது.

போன ஆவணியில்தான் என் தங்கச்சி, புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சுவிஸிலிருந்து வந்தாள். அங்கே பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை. மூத்தவன் ஆறு வயதுப் பொடியன். இளையவள் அப்போதுதான் நடக்கப் பழகியவள். வருவதற்கு முன்னரே தொலைபேசியில் சொல்லிவிட்டாள்: "அண்ணா, பிள்ளையள் குந்த மாட்டினம்." ஆகவே கிளிநொச்சிக்குப் போய் கதிரைபோல இருந்து போகிற மலசலகூடக் கொமட் ஒன்று வாங்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கயிற்றால் வரிந்து கட்டிக்கொண்டு எங்கள் ஊர் ஜெயபுரத்துக்கு வந்தேன். சந்திக் கடையடியில் நின்றவர்கள் விடவில்லை. "என்ன மாமா, சிம்மாசனமோ? பட்டாபிஷேகம் எப்ப?" நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் ஒரு பெருமைகூட இருந்தது. தங்கச்சி வருகிறாள்.

அவர்களை ஏற்றி வந்த வான் வாசலில் நின்றது. பொடியன்தான் முதலில் குதித்தான். முற்றத்துச் செம்மண்ணைப் பார்த்தான், குந்தினான். குந்த மாட்டான் என்று சொல்லப்பட்ட பிள்ளை நன்றாகவே குந்தினான். உள்ளங்கையை நிலத்தில் பதித்துக் கத்தினான்: "ஊத்தை!"

அவன் கண்கள் ஏன் அப்படி விரிந்தன என்று யோசிக்க எனக்குப் பொறுமை இல்லை. முதல் சொல்லே ஊத்தையா என்று சுருக்கென்றது. என் மனுசி முதல் நாள் முழுக்கக் கூட்டிப் பெருக்கிச் சாணித்தண்ணி தெளித்த முற்றம் அது.

அன்றிலிருந்து பொதிகள் பிரிந்தன. கதிரையில் இருக்கமுன் தங்கச்சி கதிரையைத் துடைத்தாள். கரண்டியை, குழாய்த் தலையை, கதவுப் பிடியைத் துடைத்தாள். குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக, ஏதோ பூண்டு உரிப்பதுபோலத் துடைத்தாள். "சீ, ஊத்தை. தொடாதை. ஊத்தை." வீட்டுக்குள் அவள் பேசிய தமிழில் பாதி இதுதான். அவள் புருஷன் கைப்பேசியிலிருந்து தலை தூக்கி, "அவா அங்கையும் இப்பிடித்தான் மச்சான்" என்பார், பிறகு தலையைத் தாழ்த்திக்கொள்வார். நல்ல மனுசன். நல்ல மனுசர்களின் அந்தத் தலைதாழ்த்தலும் எனக்கு அருவருப்பாக இருந்தது.

பொடியனுக்கு ஜெர்மன் மொழிதான் ஓடும். தமிழில் அவனுக்குத் தெரிந்த சொற்கள் குறைவு. அவற்றுள் இந்த ஒரு சொல்லைத்தான் தயங்காமல் சொன்னான். தோட்டத்திலிருந்து முழங்கால் வரை செம்மண் அப்பியபடி நான் வந்தால், ஓடிவந்து விரலை நீட்டுவான்: "ஊத்தை மாமா!" என் மகளுக்கு எட்டு வயது. அவனுக்கு அவள் மச்சாள் முறை. அவள் "ஊத்தை மச்சாள்" ஆனாள். பெரியவர்கள் சிரித்தோம். நானுந்தான். அந்தச் சிரிப்பு வாய்க்குள் புளித்த பாலாகத் தங்கியது.

அவை கச்சான் பிடுங்கும் நாட்கள். நிலக்கடலைச் செடியை அடியோடு பிடித்து இழுத்தால், மண்ணின் குளிர்ச்சியோடு கொத்துக் கொத்தாகக் கச்சான் வெளியே வரும். மகள் தன் சின்ன மச்சானுக்கு அதைக் காட்டக் கூட்டிப்போனாள். மாதக்கணக்காக அவன் வருகையைச் சொல்லிக்கொண்டு திரிந்தவள். நல்ல முற்றிய கோதுகளாகப் பார்த்துப் பொறுக்கி, உடைத்து, பால் ஊறும் பச்சைப் பருப்பை அவன் வாயில் வைத்தாள். வரம்பில் நின்ற தங்கச்சி பாய்ந்தே வந்தாள்.

"சீ! ஊத்தை! துப்பு, துப்படா!"

அவன் துப்பினான். அவன் வாயைத் துடைத்தாள், கையைத் துடைத்தாள். பிறகு என் மகளைப் பார்த்து, "நீயும் வா மருமகள், கையைக் காட்டு" என்றாள். பாசமாகத்தான் சொன்னாள். அந்தப் பாசம்தான் எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது. உள்ளங்கை, புறங்கை, முழங்கை வரை துடைத்து, அந்தத் தாளை விரித்துப் பிள்ளையின் முகத்துக்கு முன் பிடித்தாள். "பாத்தியே, எவ்வளவு ஊத்தை! இப்ப பார் கை என்ன வடிவெண்டு."

மகள் கையைப் பார்க்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் புட்டுக்குக் கரண்டி கேட்டாள். மோட்டார் சைக்கிளில் ஏறமுன் இருக்கையில் துணி விரிக்கச் சொன்னாள். தோட்டத்துக்கு வரமாட்டேன் என்றாள். ஒருநாள் கிணற்றடியில் போய்ப் பார்த்தால், தேங்காய்த் தும்பால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். தோல் சிவந்து, அங்கங்கே நீர் கசிந்திருந்தது.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"கறுப்புப் போகுதில்லை அப்பா."

தும்பைப் பறித்தேன். நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, நான் ஊத்தையே?"

"ஆர் சொன்னது? நீ என்ரை தங்கமெல்லே."

"தங்கமெண்டா கழுவப் பளபளக்கும்தானே. இது ஏன் இப்பிடியே கிடக்கு?"

   அன்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பூநகரி வரை காரணமில்லாமல் ஓடினேன், திரும்பினேன், மறுபடி ஓடினேன். என் பிள்ளை தன் தோலை வெறுக்கிறாள். அவர்கள் போனபிறகும் அந்த வெறுப்பு இங்கேயே தங்கிவிட்டால்?

"நான் இண்டைக்குக் கேக்கப்போறன்" என்றேன் மனுசியிடம்.

"இஞ்சரப்பா, வாயை வச்சுக்கொண்டு சும்மா இருங்கோ. எவ்வளவு காலத்துக்குப் பிறகு வந்ததுகள். சண்டை பிடிச்சோ அனுப்பப் போறியள்?"

"பிள்ளை தோலை உரிக்கிறாள்."

"சின்னப் பிள்ளைதானே, மறந்திடுவாள்."

"நீ மறந்திட்டியே?"

 தங்கச்சிக்குப் பக்கத்தில் போகமுன் தன் சேலைத் தலைப்பை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்க்கிற பழக்கம் மனுசிக்கும் வந்திருந்ததை நான் கண்டிருந்தேன்.

கேட்க முதலே கொமட் அடைத்தது. காலையில் தங்கச்சி புருஷன் சாரத்தை மடித்துக் கட்டியபடி வந்து, "மச்சான், ஒரு சின்னப் பிரச்சினை" என்றார். சின்னப் பிரச்சினை விளிம்பு வரை தண்ணீராக நின்றது. குழியின் மூடியைப் பெயர்த்தேன். கிணற்றில் விழுந்த வாளி எடுக்கும் கொளுக்கியை உள்ளே விட்டு இழுத்தேன். வந்தது. மேலும் வந்தது. ரிஷ்யூக்கள், ஒன்றோடொன்று முறுக்கி, சாம்பல் நிறத்தில், மாடு கன்று போட்டபின் விழும் இளங்கொடி போலத் தொங்கிக்கொண்டு. கரையவில்லை, கிழியவில்லை, உக்கவில்லை. மலத்தின் நாற்றம் எனக்குப் பெரிய காரியமல்ல. மாடு கட்டுகிறவன், எருச் சுமக்கிறவன் நான். ஆனால் அந்த மலத்துக்குள்ளிருந்து, இத்தனை நாள் ஊறியும் சாகாமல், அந்தப் பூ மணம் கிளம்பி வந்தது. முருங்கையடிக்கு ஓடிச் சத்தி எடுத்தேன். வந்து மறுபடி இழுத்தேன். உலகத்தில் எதையெல்லாம் ஊத்தை என்று சொல்லித் துடைத்தார்களோ, அதெல்லாம் இந்தக் கொளுக்கியின் முனையில்.

பொடியன் பின்னால் வந்து நின்றான்.

"மாமா, என்ன?"

திரும்பினேன். என்னிடம் இருந்த நஞ்சு முழுவதும் நாக்குக்கு வந்தது. "ஊத்தை. இதுதான்ரா ஊத்தை. வடிவாப் பார்."

அவன் பார்த்தான். தலையை ஆட்டினான். "இல்லை மாமா. ஊத்தை இல்லை." குந்தினான். காலடிச் செம்மண்ணை ஒரு கை அள்ளி என் முன்னால் விரித்தான். "இது ஊத்தை." மூக்கருகே கொண்டுபோய் மணந்தான். சிரித்தான். "ஊத்தை வடிவு."

கொளுக்கியைப் பிடித்தபடி நின்றேன். கிணற்றடியில் தும்போடு நின்ற மகள் வந்தாள்.

"டேய், அது மண்!"

"மண்?"

"மண். ஊத்தை எண்டா இது." குழியைக் காட்டினாள். "பீ!"

பீ என்ற சொல் அவனுக்கும் தெரிந்திருந்தது. இரண்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன.

"ஊத்தை மாமா?" என்றான் சந்தேகத்தோடு, என் கால்களைக் காட்டி.

"அது மண் மாமா" என்று திருத்தினாள் மகள்.

"மச்சாள்?"

மகள் தன் முழங்காலைக் குனிந்து பார்த்தாள். காய்ந்த புண்ணின் மேல் செம்புழுதி படிந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"மண் மச்சாள்" என்றாள்.

தூரத்து நகரமொன்றில், மாடி வீட்டுப் பூச்சாடியிலோ பூங்கா ஓரத்திலோ இவன் மண்ணைத் தொட்டபோதெல்லாம் தாய் ஒரே சொல்லைத்தான் சொல்லியிருக்கிறாள். பிள்ளை அதையே அதன் பெயராக எடுத்துக்கொண்டான். எங்களை அப்படி அழைத்ததெல்லாம் ஏச்சு இல்லை, அவனுக்குப் பிடித்ததின் பெயரால் அழைத்திருக்கிறான். இதை உணர்ந்ததும் என் அருவருப்பு அடங்கியிருக்க வேண்டும். அது இரட்டித்தது. ஒரு பிள்ளைக்குத் தன் மொழியில் மண்ணுக்குப் பெயர் ஊத்தை! குசினி வாசலில் தங்கச்சி பொதியோடு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"கேட்டியே?" என்றேன். "உன்ரை பிள்ளைக்கு மண்ணெண்டா ஊத்தையாம்."

"எனக்கும் அப்பிடித்தானே அண்ணா" என்றாள்.

"என்ன கதை இது? இந்த மண்ணிலை புரண்டு வளர்ந்தனீ."

"பங்கருக்குள்ளை வாய்க்குள்ளை போன மண் அண்ணா. இன்னும் துப்பி முடியேல்லை."

சண்டைக் காலத்தில், பதுங்குகுழியைச் சுற்றி அடுக்க அம்மாவின் சேலைகளைக் கிழித்துத் தைத்த பைகளில் நான் மண் நிரப்பினேன், அவள் பையின் வாயை விரித்துப் பிடித்தாள். அப்போது அவள் பள்ளிப் பிள்ளை. செல் விழுந்து பங்கரின் ஒரு பக்கம் சரிந்தபோது அவளைத் தலைமயிரில் பிடித்துத்தான் வெளியே இழுத்தேன். பற்களுக்கிடையில் இருந்த மண்ணை என் விரலால்தான் தோண்டி எடுத்தேன். எடுத்து முடித்துவிட்டதாகவே நினைத்திருந்தேன்.

 மன்னித்தேன் என்று எழுதினால் பொய். அந்த ஈரக் குவியலுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். அது எரியாமல் சுருண்டு, கறுத்த கட்டிகளாகி, அப்போதும் மணத்தது. வேலியோரம் ஆழமாகக் கிண்டித் தாட்டேன். போன மாரியில் நாய் கிண்டி ஒரு துண்டை வெளியே இழுத்து வந்தது. இன்னும் வெள்ளை.

புறப்படும் நாளுக்கு முதல் நாள் பொடியன் சப்பாத்தோடு தோட்டத்தில் இறங்கிக் கச்சான் பிடுங்கினான். மகள் வெறுங்காலோடு பக்கத்தில் நின்று பிடுங்கினாள். தங்கச்சி வரம்பில், பொதியைத் திறக்காமல் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வான் வந்தது. மகளைக் குனிந்து கொஞ்சும்போது தங்கச்சியின் கை தன்னாலே கைப்பைக்குள் போனது, வெறுமையாக வெளியே வந்தது. புழுதி நெற்றியில் முத்தம் வைத்தாள். உதட்டைத் துடைக்கவில்லை. கதவு மூடியபின், கண்ணாடிக்கு உள்ளே, துடைத்தாள். கண்டேன்.

வான் அசைந்ததும் பின் கண்ணாடி இறங்கியது. "புழுதி, மூடு!" என்று உள்ளேயிருந்து தாயின் குரல். பொடியன் மூடவில்லை. தலையை வெளியே நீட்டினான்.

"மண் மச்சாள்! போட்டு வாறன்!"

என் மகள் புழுதிக்குள் பின்னால் ஓடினாள்.

"ஓமடா, ஊத்தை மச்சான்! வரேக்கை அந்த ரிஷ்யூவைக் கொண்டு வராதை!"