பெயர் கேட்க வந்தவர்கள்

வீரக்குட்டி ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். இன்றைக்கு ரொறன்ரோவில், ஸ்காபரோப் பக்கம் மூன்று பெரிய கந்தோர்க் கட்டடங்களின் தரை பளபளக்கிறதென்றால் அது அவருடைய கொம்பனியால்தான். கோட்டுப் போட்ட மனேஜர்மாரே எழும்பி நின்று கைகொடுப்பார்கள். வாளியும் துடைப்பமுமாய்த் தொடங்கிய மனிசன், ஒருத்தனிடமும் உதவி என்று போய் நின்றதில்லை. இதை அவர் கலியாண வீட்டிலும் சொல்வார், செத்த வீட்டிலும் சொல்வார். உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் வந்து சொல்வது?

அப்பேர்ப்பட்டவர் அந்த மே மாதக் கடைசியில் ஒரு வெள்ளைக்காரனிடம் உதவி கேட்கத் துணிந்தார்.

ஊரில் போர் முடிந்துவிட்டதென்று ரேடியோ சொல்லி ஒரு கிழமை ஆகியிருந்தது. மனைவி கோணேஸ்வரியின் ஒரே தம்பி நல்லரெத்தினம், மட்டக்களப்பிலிருந்து கிளிநொச்சிக்குப் போய் அங்கேயே கலியாணம் முடித்து லொறி ஓட்டினவன். ஏப்ரலுக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. வவுனியா முகாமில் கம்பிக்கு உள்ளே கண்டதாக ஒருவர் சொன்னார். இல்லை, கடைசிச் சண்டை நடந்த கடற்கரையோடு ஆளைக் காணவில்லை என்றார் இன்னொருவர். கோணேஸ்வரி கைபேசியைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தாள். சோறு அவளுக்கு இறங்கவில்லை. நல்லரெத்தினத்தைப் பற்றிச் சந்தேகமாய் ஒரு சொல் இந்த வீட்டில் எழும்பக் கூடாது என்று வீரக்குட்டி சட்டம் போட்டிருந்தார். துக்கம் விசாரிப்பதுபோல் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்த இரண்டு பேரை வாசலோடு திருப்பியும் அனுப்பினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அலெக்ஸாண்டர் போன் எடுத்தான்.

இருபது வருசத்துக்கு முன், வீரக்குட்டி அகதியாய் வந்து சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடமொன்றில் ஆறு பேரோடு ஓர் அறையில் கிடந்தபோது, வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, நெஞ்சில் பெயர்த்தகடு என்று சோடியாய் லிப்ட் ஏறி மதம் பரப்ப வந்த மோர்மன் சபைப் பொடியன்களில் ஒருவன் அவன். மீசை ஒழுங்காய் முளைக்காத வயது. மற்றவர்கள் கதவைச் சாத்த, வீரக்குட்டிதான் உள்ளே கூப்பிட்டார். அவன் இங்கிலிஷ் சொல்லிக் கொடுத்தான், கொட்டுகிற பனிக்குள் மெத்தை சுமந்து வந்து தந்தான். தேத்தண்ணி குடிக்கக் கூடாதென்றும் சொன்னான். அதையும் ஒரு மாரிகாலம் முழுக்கத் தாங்கினார். ஞானஸ்நானம் என்று கேட்டபோது, மெத்தை சுமந்தவனிடம் எந்த வாயால் மாட்டேன் என்பது என்று தண்ணீருக்குள் முழுகி எழும்பினார். பிறகு அவன் ஊருக்குத் திரும்பினான். இவர் தேத்தண்ணிக்கும் பிள்ளையாருக்கும் திரும்பினார்.

இப்போது அவன் அமெரிக்காவில், யூட்டாவில் சட்டத்தரணியாம். ஊழியம் செய்த இடங்களை மனைவி வேரோனிக்காவுக்குக் காட்ட வந்திருக்கிறானாம். வாஷிங்டனில் பெரிய ஆட்களைத் தெரியும் என்று பேச்சோடு பேச்சாய்ச் சொல்லிவைத்தான். வீரக்குட்டிக்கு அது போதும். அமெரிக்காக்காரன் ஒரு போன் அடித்தால் எந்த முகாமிலும் பெயரைத் தேடிப் பார்ப்பார்கள் என்று மனைவிக்குச் சொன்னார். பல நாளைக்குப் பிறகு அவள் தலைவாரினாள். விருந்துக்கு இறால் சமைத்து வைத்துவிட்டுத் தானும் வான் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

நாலு பேருமாய் அந்தப் பழைய கட்டடத்துக்குப் போனார்கள். பதினாலாம் மாடியில் அலெக்ஸாண்டர் அந்தக் கதவைத் தடவிக்கொண்டு நின்றான். கண் கலங்கிவிட்டது. சகோதரன் வீரா வெளிச்சத்தைக் கண்ட இடம் இதுதான் என்று மனைவிக்குச் சொன்னான். வெளிச்சமாம். மூட்டைப்பூச்சி கடித்துத் தூக்கமில்லாமல் கிடந்த இடம். வீரக்குட்டி பல்லைக் கடித்துக்கொண்டு படத்துக்கு நின்றார். பிறகு சாமான் தூக்கியும் தரை துடைத்தும் பொறுக்கிய இங்கிலிஷில் தன் தேவையைச் சொன்னார். ஏப்ரலுக்குப் பிறகு மச்சானின் சத்தமில்லை, முகாமில் இருக்க வேண்டும், வாஷிங்டனில் ஒருவரைக் கேட்கச் சொல்ல வேண்டும்.

அலெக்ஸாண்டர் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அரசாங்கங்களைத் தன்னால் அசைக்க முடியாது என்றான். ஆனால் அதைவிடப் பெரிய ஒன்றைச் செய்ய முடியும். இறந்து போனவருக்காக, அவர் பெயரில், உயிரோடிருக்கும் ஒருவர் எங்கள் ஆலயத்தில் ஞானஸ்நானம் எடுப்பது உண்டு. குடும்பம் சம்மதித்துப் பெயரைத் தந்தால் போதும்.

வீரக்குட்டிக்கு அது மண்டையில் ஏறச் சற்று நேரம் பிடித்தது. ஏறியதும் காது இரண்டும் சுட்டது. தேடித் தா என்று கேட்டவனுக்கு, செத்தவன் கணக்கில் சேர்க்கிறேன் என்கிறான்.

அதற்குள் வேரோனிக்கா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, நகர வரைபடத்தின் ஓரத்தில் எழுத ஆயத்தமாய், பெயர் என்ன என்று கோணேஸ்வரியிடம் மெதுவாய்க் கேட்டாள். அந்தளவு இங்கிலிஷ் கோணேஸ்வரிக்குத் தெரியும். வாஷிங்டனுக்குத்தான் எழுதுகிறாள் என்று நினைத்தாள். நல்லரெத்தினம் என்றாள். தகப்பன் பெயர், ஊர், பிறந்த வருசம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள்.

"இஞ்சருங்க, இடப்பக்கக் கன்னத்தில தழும்பு ஒண்டு இரிக்கு, அதையும் எழுதச் சொல்லுங்க. ஆளப் பிடிக்க லேசு."

வீரக்குட்டி வரைபடத்தைப் பறித்தார். இழுத்த இழுப்பில் பேனா தெறித்துச் சுவரில் பட்டது. உன் தண்ணீர் அவனுக்கு வேண்டாம், ஒரு போன்தான் வேண்டும், முடியுமா முடியாதா என்று உடைந்த இங்கிலிஷில் கேட்டார். அலெக்ஸாண்டர் முகம் வெளுத்து மன்னிப்புக் கேட்டான். மன்னிப்பை யார் கேட்டது? ஷேர்போன் ரயில் ஸ்டேஷன் இந்தப் பக்கம், நடந்தே போகலாம் என்று கையைக் காட்டிவிட்டு, மனைவியை லிப்டுக்குள் இழுத்தார்.

வானில் ஏறியதும் கோணேஸ்வரி தொடங்கினாள்.

"அந்தப் பொம்பள எழுதிக்கிட்டெல்லோ இருந்தா. என்னத்துக்குப் பறிச்சீங்க?"

"அவங்களால ஏலாதாம்."

"ஏலாதவள் என்னத்துக்குப் பேரக் கேட்டாள்?"

பதில் அவர் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் செத்தவன் என்ற சொல் அவள் காதில் விழும். வேறு ஆளைப் பிடிப்போம் என்று மட்டும் சொன்னார்.

"உங்களுக்கு உங்கட வீம்புதான் பெருசு. வாளி தூக்கின கை, எழுதுற கையத் தட்டி விட்டுட்டு. எண்ட தம்பி உங்களுக்கு ஆரு?"

ரொறன்ரோவில் வேறொருத்தர் அந்த வாளிக் கதையை இந்தத் தொனியில் எடுத்திருந்தால் பல் கழன்றிருக்கும். வீரக்குட்டி ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டு ஓட்டினார். அவள் திட்டினாள், அழுதாள், மறுபடி திட்டினாள். வானைத் திருப்புங்க, நான் போய் அவங்களிட காலில விழுறன் என்றாள்.

அவர் திருப்பவில்லை.